மணலுக்கு மூத்த வீடு

திருவல்லிக்கேணிப் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்பது ஆதியிலிருந்தே இருப்பது. ஐஸ் அவுஸ் என்பது நடுவில் எவனோ வெள்ளைக்காரன் வந்து கட்டிவிட்டுப் போனது. பாட்டி சொன்ன கதைகளிலும் இதே வரிசைதான்: முதலில் கடல், அப்புறம் மணல், அப்புறம் பார்த்தசாரதிப் பெருமாள், கடைசியில் துரைமார்கள். பழைய வரைபடங்களைப் புரட்டப் புரட்ட இந்த வரிசையில் மணல் மட்டும் நகர்ந்துகொண்டே போய், துரைமார்களுக்கும் பின்னால் நின்றுவிட்டது. நாங்கள் பந்தடித்த, பட்டம் விட்ட அந்த வெளியின் பெரும்பகுதியைவிட, அதற்கு எதிரே நிற்கும் வட்ட முகப்புக் கட்டடம் வயதில் மூத்தது.

எழுபதுகளில் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். 1963-இல், சுவாமிஜியின் நூற்றாண்டையொட்டிச் சூட்டியது. பலகையைத் தாண்டி அந்தப் பெயர் தெருவுக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை. பஸ் கண்டக்டருக்கு அது ஐஸ் அவுஸ். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ரிக்‌ஷாக்காரரிடம் விவேகானந்தர் இல்லம் என்றால், “மயிலாப்பூர் மடமா சார்?” என்று திருப்பிக் கேட்பார். உள்ளே ஆசிரியப் பயிற்சி மாணவிகளின் விடுதி இருந்தது. காலையில் பக்கத்து லேடி வெலிங்டன் கல்லூரிக்குக் கூட்டமாகப் போவார்கள். சாயங்காலம் மாடி வராந்தாவில் தலை பின்னிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். ஆண்பிள்ளைகள் காம்பவுண்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனாலேயே எங்கள் கற்பனை உள்ளே தாராளமாக நடமாடியது. அடித்தளத்திலிருந்து ஒரு சுரங்கம் போகிறது என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுரங்கம் கோட்டைக்குப் போகிறதா, கடலுக்கடியில் முடிகிறதா என்பதில்தான் சண்டை.

சுவர்களின் கனம் எங்களுக்கு வெளியிலிருந்தே தெரியும். ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் நடைபாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், சட்டத்துக்கும் சுவரின் வெளிவிளிம்புக்கும் நடுவே ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் இடம் இருக்கும். அங்கே ஒரு செம்பருத்தித் தொட்டியும் யாரோ காயப்போட்ட ரிப்பனும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு எதற்கு இவ்வளவு கனமான சுவர் என்று அப்பாவிடம் கேட்டால், “அது வீடு இல்லடா, ஐஸ் பொட்டி. அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல ஐஸ் வந்துது” என்பார். துறைமுகம் பாரிமுனைப் பக்கம் இருக்கும்போது, உருகுகிற சரக்கை எதற்கு இவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுவந்து வைத்தான்? அதற்கு அப்பாவின் பதில், “அவன் சௌகரியம்.”

அந்தச் சௌகரியம் என்ன என்று தேடிப் போனதுதான் என்னை வரைபடங்களிடம் கொண்டுவிட்டது. வேலையில் இருந்தவரை இதற்கெல்லாம் நேரம் ஏது? ஓய்வு பெற்ற பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். 1909-ஆம் ஆண்டின் சிவப்புக் கட்டடம், ஓங்கிய கூரை, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மேசைகள். காகிதத்தின் முதுகில் துணி ஒட்டி மடித்து வைத்த படங்கள், மடிப்புக் கோட்டில் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். இப்போது வெளிநாட்டு நூலகங்கள் பல சென்னைப் படங்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் மடிப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, எந்தப் பகுதியை அந்தக் காலத்து அதிகாரி அதிகம் விரித்துப் பார்த்தான் என்று ஊகிக்கும் சுகம் கணினித் திரையில் கிடைப்பதில்லை.

ஆண்டு போடாத படங்கள் கையில் சிக்கும்போது ஊரே தேதி சொல்லும். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் வந்தது, சென்ட்ரல் 1873-இல். ராயபுரம் இருந்து சென்ட்ரல் இல்லை என்றால், அளந்த காலம் இந்த இரண்டுக்கும் நடுவே. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடினால் அது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிந்தியது. பட்டினி கிடந்த சனங்களுக்குக் கூலி கொடுத்து 1877, 78-இல் வெட்டிய துண்டு அது. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை கீழே ஓடும் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். பழைய படங்களில் அந்தக் கோடு இல்லாத திருவல்லிக்கேணியைப் பார்க்கும்போது, ஊர் கடலோடு நேராகப் பேசிக்கொண்டிருந்த காலம் என்று தோன்றும்.

ஒன்று சொல்ல வேண்டும். படத்தின் கீழே அச்சிட்ட ஆண்டை அப்படியே நம்பக் கூடாது. அச்சுக்காரர்கள் பழைய செப்புத் தகட்டையே எடுத்து, புது ரயில் பாதையை மட்டும் சேர்த்து, புது வருஷம் போட்டு விற்றார்கள். பயணக் கையேடுகளின் படங்கள் இதில் மகா மோசம். கரை விளிம்பை மறுபடி அளக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. தெருக்கள் புதிதாகவும் கடல் பழையதாகவும் இருக்கிற படங்கள் உண்டு.

வழி எளிதானதுதான். இடம் மாறாத சிலவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: பார்த்தசாரதி கோயில் குளம், 1768 வாக்கில் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, 1795-இன் வாலாஜா பெரிய மசூதி. சாந்தோம் தேவாலயத்தையும் சேர்க்கலாம், ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். இப்போதுள்ள கட்டடம் 1896-இல் முடிந்தது. பழைய படங்களில் இருப்பது அதே இடத்து முந்தைய தேவாலயம். இந்தப் புள்ளிகளை ட்ரேசிங் தாளில் குறித்து, இன்றைய படத்தின் மேல் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வைத்தால், கோயிலும் மசூதியும் அரண்மனையும் அச்சாக உட்காரும். கடல் மட்டும் உட்காராது.

துறைமுகத்துக்கு முந்திய படத்தில் கரையோரத்தை மெல்லிய இணைகோடுகளால் வரைந்திருப்பார்கள். கரையை ஒட்டி நெருக்கமாகத் தொடங்கி, உள்ளே போகப் போக இடைவெளி விட்டு மங்கிவிடும். அந்த முதல் கோட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பட்டைதான் இருக்கிறது. இன்றைய படத்தின் மேல் வைத்தால், பழைய அலைவிளிம்பு இப்போது சுண்டல்காரர்கள் நடமாடும் மணலுக்குள் எங்கோ ஓடுகிறது. அதற்கும் இன்றைய அலைக்கும் நடுவில் சில நூறு மீட்டர். நான் கிரிக்கெட் ஆடிய இடம் முழுக்கத் தண்ணீர். ஐஸ் அவுஸின் வட்ட முகப்பு கிட்டத்தட்டக் கடலின் முகத்துக்கு எதிரே.

அப்பாவின் “அவன் சௌகரியம்” இதுதான். கட்டடம் எழுந்த 1842-இல் சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் தூரத்தில், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. வெள்ளைக்காரக் கவர்னரும் அதில் நனைந்துதான் பதவியேற்க வருவார். ஐஸ் பாளமும் அந்த வழியேதான் கரைக்கு வந்தாக வேண்டும். கரையில் இறக்கிய பிறகு வெயிலில் தூக்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு அடியும் காசு உருகும் அடி. கடலோரத்தில் கொண்டுபோய்க் கிடங்கு கட்டியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஐஸின் பயணக் கதையை நம் தாத்தா காலத்து ஆட்கள் சொன்னால் கப்ஸா என்றிருப்போம். பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் ஐஸை வெட்டி விற்கலாம் என்று 1806-இல் மார்ட்டினீக் தீவுக்கு முதல் கப்பல் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம், கடன், சிறை எல்லாம் பார்த்தார். நதானியேல் வயத் என்பவர் குதிரை பூட்டி ஏரியைச் சதுரம் சதுரமாக அறுக்கும் கருவியைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு வியாபாரம் நிமிர்ந்தது. ஒரே அளவுப் பாளங்கள் நெருங்கி உட்கார்ந்தால் உருகுவது குறையும். இடைவெளியை அடைக்க மர அறுவை மில்களில் சும்மா கிடந்த மரத்தூள். 1833-இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம். பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் கிடங்குகள் வந்தன. இன்று நிற்பது சென்னைக் கட்டடம் மட்டும்தான்.

1846, 47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் ஏரியில் ஐஸ் வெட்டினார்கள். கரையில் குடிசை போட்டுத் தனியாக இருந்த எழுத்தாளர் தோரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் புத்தகத்தில் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்களில் ஒன்றாகச் சென்னையையும் குறித்தார். அவருடைய ஏரித் தண்ணீர் வந்து அடைந்த கிடங்கின் எதிரில் நாங்கள் சேமியா ஐஸ் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த ஐஸின் பூர்வோத்தரம் வேறு, சைக்கிள் பெட்டிக்காரருக்கே வெளிச்சம்.

1870-களில் நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கம்பெனி சென்னைக்கே வந்துவிட்டது. பாஸ்டன் ஏரியின் கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், கிடங்குக்கு வேலை போன அதே சமயத்தில்தான் கடலும் அதை விட்டு விலகத் தொடங்கியது. 1876 வாக்கில் துறைமுக வேலை ஆரம்பம். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் பாதியை அடித்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே அலையோடு போய்க்கொண்டே இருக்கும். வழியில் துறைமுகத்தின் தென்கை குறுக்கே நின்றது. மணல் தங்கியது. தங்கியதன் மேல் இன்னும் தங்கியது. கோட்டைச் சுவரை எட்டிப் பார்த்த கடல் தூரப்போயிற்று, சேப்பாக்கத்துக்கு எதிரே வெளி அகன்றது, ஐஸ் அவுஸ் கடலோரக் கட்டடமாக இருந்து கடல் தெரிகிற கட்டடமாக மாறியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் அங்கே நடைபாதை போட்டு, தாம் சிசிலியில் பார்த்த கடற்கரையின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார்.

சுதேசித் தலைவர் பிபின் சந்திர பாலர் 1907-இல் இந்தக் கடற்கரையில் பேசினார். பாரதி உற்சாகமாக ஓடியாடிய நாட்கள். திலகர் கட்டம் என்று ஜனங்கள் பெயரிட்ட மணல், 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகக் கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்ட மணல், எல்லாம் இதே மணல். 1907-இல் அதற்கு வயது முப்பது வாக்கில்தான். அரசாங்கம் தன் கப்பல்களுக்காகக் கட்டிய கல்சுவர், அரசாங்கத்தைத் திட்டுவதற்கு ஊரிலேயே பெரிய மைதானத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. இதை எந்த இன்ஜினியரும் திட்டத்தில் எழுதியிருக்க மாட்டார்.

கட்டடத்தின் பிற்காலம் பலருக்கும் தெரிந்ததே. வக்கீல் பிலிகிரி அய்யங்கார் வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து, ஹைகோர்ட் நீதிபதி கெர்னனின் பெயரால் கேஸில் கெர்னன் என்றாக்கினார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கினார். அடுத்த மாதமே ராமகிருஷ்ணானந்தர் வந்து தெற்கின் முதல் மடத்தை இங்கேதான் நடத்தினார். அய்யங்கார் காலமான பிறகு வீடு ஏலத்துக்குப் போயிற்று, மடம் மயிலாப்பூருக்குப் போயிற்று. 1997-இல் வீடு மறுபடி மடத்தின் கைக்கு வந்து கண்காட்சியாயிற்று.

நடுவிலிருக்கும் அத்தியாயத்தை ஜனங்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் பாட்டிக்கு இது ஐஸ் அவுஸும் இல்லை, சுவாமிஜி இல்லமும் இல்லை, சுப்பலட்சுமியின் ‘ஹோம்’. சகோதரி சுப்பலட்சுமி குழந்தை வயதில் விதவையானவர். 1911-இல் பட்டம் வாங்கி, இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். அந்தப் பெண்களுக்கான இல்லம் இந்தக் கட்டடத்தில் பல வருஷம் நடந்தது. “மொட்டையடிக்காத கொழந்தைகளா வரிசையா நிக்கும், கையில ஸ்லேட்டு வெச்சுண்டு” என்பார் பாட்டி. சொல்லும்போது குரலில் இருந்தது கண்டனமா பொறாமையா என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாட்டி எட்டாம் வயதில் கல்யாணமாகி, கையெழுத்துப் போடக் கற்றவர். வரைபடத்தில் இந்த இடத்தின் அமைப்பைப் பார்க்கும்போது ஒன்று படுகிறது: மாடவீதிகளிலிருந்து கால்வாய் இதைப் பிரிக்கிறது. அக்ரஹாரத்துக் கண்கள் எட்டாத தூரம், ஆனால் நடந்து போகும் தூரம். அந்தப் பெண்களுக்கு இதைவிடத் தோதான இடம் அந்தத் திருவல்லிக்கேணியில் அமைந்திருக்காது.

இந்தப் படங்களின் பார்வைக் கோளாறையும் சொல்லாமல் விட முடியாது. துரைமார் பங்களாக்களுக்குத் தனித்தனிப் பெயர், தோட்டத்துக்கு மரப்புள்ளிகள். எங்கள் தெருக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கோடுபோட்ட கறுப்புத் திட்டு. நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம், மாட்டாங்குப்பம் எதையும் பல படங்களில் காணோம். அலைக்கும் சாலைக்கும் நடுவில் ஒடுங்கிய பட்டை என்றேனே, அதில் வலை காயப்போட்டு வாழ்ந்தவர்களை அளவுக்காரன் காலி இடமாகவே வரைந்திருக்கிறான். கடல் பின்வாங்கியபோது முதலில் கவனித்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். படகைத் தள்ளும் தூரம் அவர்களுக்குத்தானே கூடியது.

நம் பக்கம் தங்கிய மணல் யாருக்குப் போக வேண்டியது என்பதை ராயபுரத்துச் சிநேகிதன்தான் கேட்டான். கல்லூரியில் கூடப் படித்தவன், காசிமேட்டுப் பக்கம் மீன் ஏலத்தில் கணக்குப் பார்த்தவன். துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்றதும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரையைப் பறிகொடுத்த ஊர்கள். இப்போது அங்கே கடற்கரை என்றால் கருங்கல் குவியல். என்னுடைய ட்ரேசிங் தாளை அவன் வீட்டு மொட்டை மாடியில் விரித்துக் காட்டினேன். மெரினாவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தாளை வடக்குப் பக்கம் நகர்த்தச் சொன்னான்.

“அப்ப நீங்க பட்டம் வுட்டதெல்லாம் எங்க மணலா?”

“உங்களுக்கு வர வேண்டிய மணல்னு சொல்லலாம்.”

“வராத பணத்த கடன்னு எழுத மாட்டாங்களா எங்க கணக்குல? அது மாரிதான்” என்றான். பிறகு பழைய கரைக்கோடு வடக்கே போகும் வழியில் விரலை வைத்து, எந்தெந்தத் தெரு முனைக்கு அப்பால் இன்னும் நிலம் இருந்தது என்று தனக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனான். அவன் ஆயா சொன்ன பெயர்களாம். படத்தில் அங்கே எழுத்தே இல்லை, வெறும் புள்ளி வைத்த மணல். அவன் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அவர்கள் பகுதியில் கரையைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மனுவோடு இந்தப் படத்தையும் இணைக்க வேண்டும் என்கிறான். பென்சில் எழுத்தெல்லாம் ஆபீஸில் எடுபடாது, தெருப் பெயர்களை நன்றாக மையில் எழுதி, பழைய கோடு சிவப்பு, இப்போதைய கோடு நீலம் என்று போட வேண்டுமாம். “அப்புறம், அந்த ஐஸ் அவுஸ பெருசா போட்டுடாத. உங்க ஏரியா படம்னு நெனச்சு ஓரமா வெச்சுருவானுங்க” என்றான். கலர் ஜெராக்ஸ் செலவு அவனுடையது.